நடந்தால் ஏறவில்லை, உட்கார்ந்தால் ஏறுகிறது: வாட்சும் போனும் அசைவைத் தப்பாகச் சொன்னால் என்ன பார்ப்பது

சென்னை ரிச்சி தெருவில் போன், வாட்ச் பழுது பார்க்கிறேன். முன்பெல்லாம் உடைந்த டிஸ்ப்ளேயும் உப்பிய பேட்டரியும்தான் அதிகம் வரும். இப்போது வாரத்துக்கு ஏழெட்டுப் பேராவது வாட்சைக் கழற்றி மேசையில் வைத்து, "ஸ்டெப் சரியா எண்ண மாட்டேங்குது, சென்சார் போயிடுச்சா பாருங்க" என்கிறார்கள். சோதித்துப் பார்த்தால் சென்சார் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கட்டிய விதம், வைத்த இடம், விட்டுப்போன ஒரு பெர்மிஷன், இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அதற்காகத் தாம்பரத்திலிருந்தும் ஆவடியிலிருந்தும் வெயிலில் வந்து நிற்க வேண்டியதில்லை.

இவர்களில் பாதிப்பேர் சர்க்கரைக்கோ பிரஷருக்கோ டாக்டர் நடக்கச் சொன்னவர்கள். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த வாட்ச். எண் குறைவாகக் காட்டினால் மனசு விட்டுப்போய் நடையையே நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு வைப்பதைக் கடைசியிலும் சொல்லியிருக்கிறேன்.

## எதற்கும் முன்னால் நூறு அடி

எந்தக் கோளாறாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டு மேலே போங்கள். திரையில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியோ அபார்ட்மென்ட் பார்க்கிங்கோ, கொஞ்சம் நேராக நடக்க இடம் இருந்தால் போதும். வழக்கம்போல் கையை வீசி, வாய்விட்டு எண்ணிக்கொண்டே நூறு அடி நடங்கள். நின்று ஒரு நிமிஷம் பொறுத்து எண்ணைப் பாருங்கள். பல வாட்சுகளில் எண் உடனே மாறாது, அதனால் அந்த ஒரு நிமிஷத்தை விட்டுவிடாதீர்கள்.

மூன்று முறை செய்து பார்த்ததில் 95 முதல் 105 வரை வந்தால் வாட்சில் பழுதில்லை, நீங்கள் பயன்படுத்தும் விதத்தைத்தான் பார்க்க வேண்டும். மூன்று முறையும் 80க்குக் கீழே வந்தால் செட்டிங்கைப் பார்க்க வேண்டும். ஒன்றுமே ஏறாவிட்டால் அடுத்த தலைப்பு உங்களுக்கு.

## நடக்கிறேன், எண் ஏறவே இல்லை

### போனில் ஏறவில்லை

முதல் சந்தேகம் பெர்மிஷன்மேல். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், உங்கள் அசைவைப் படிக்க ஒவ்வொரு ஆப்பும் தனியாக அனுமதி கேட்டாக வேண்டும். அவசரத்தில் "வேண்டாம்" அழுத்தியிருப்பீர்கள். இன்னொன்று, சில மாதம் திறக்காமல் விட்ட ஆப்பின் அனுமதிகளைப் புதிய ஆண்ட்ராய்டு தானாகவே எடுத்துவிடும். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் உங்கள் ஆப், அதில் பெர்மிஷன்ஸ், அதில் பிசிக்கல் ஆக்டிவிட்டி என்று போய் அனுமதி கொடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, மோஷன் அண்ட் ஃபிட்னஸ். அங்கே ஃபிட்னஸ் டிராக்கிங் ஆன் ஆகியிருக்க வேண்டும், ஆப்பின் பெயருக்கு நேராக இருக்கும் பட்டனும் பச்சையாக இருக்க வேண்டும்.

அது சரியாக இருந்தால் பேட்டரி செட்டிங்கைப் பாருங்கள். சார்ஜை மிச்சப்படுத்த, பின்னால் ஓடும் ஆப்புகளைப் பல போன்கள் நிறுத்திவிடும். ஆப்பைத் திறந்து வைத்தால் ஏறுகிறது, மூடினால் நிற்கிறது என்றால் காரணம் இதுதான். அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள், ஆட்டோ ஸ்டார்ட் என்று ஒன்று இருந்தால் ஆன் செய்யுங்கள். அப்புறம் ஒரு ரீஸ்டார்ட். இதற்கும் ஏறாவிட்டால் கடைசித் தலைப்பில் உள்ள மேசைச் சோதனை.

### வாட்சில் ஏறவில்லை

வாட்ச் திரையில் ஏறி, போன் ஆப்பில் மட்டும் ஏறவில்லையென்றால் எண்ணுவதில் குறையில்லை, புளூடூத் தொடர்புதான் அறுந்திருக்கிறது. ஆப்பைத் திறந்து, திரையைக் கீழே இழுத்து சிங்க் செய்யுங்கள். வாட்ச் திரையிலேயே ஏறாவிட்டால் பவர் சேவிங் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், பழைய கணக்கை போனுக்கு சிங்க் செய்துவிட்டு ஃபேக்டரி ரீசெட். சிங்க் செய்யாமல் ரீசெட் செய்து மாதக் கணக்கைத் தொலைத்தவர்கள் உண்டு.

## ஏறுகிறது, ஆனால் பாதிதான்

மந்தைவெளியிலிருந்து ஓர் அம்மா வந்தார். எழுபதை நெருங்கும் வயது. "தம்பி, தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். இது முந்நூறு, நானூறுன்னு காட்டுது. என் பையன் அமெரிக்காவிலேருந்து பார்த்துட்டு, அம்மா நீ நடக்கவே இல்லைன்னு திட்டறான்" என்றார். குரல் கம்மியிருந்தது. நூறு அடி நடக்கச் சொன்னேன். கடை வாசலில் போய்த் திரும்பினார். 98 காட்டியது. வாட்சில் ஒரு குறையும் இல்லை.

எங்கே நடக்கிறீர்கள் என்று கேட்டேன். நாகேஸ்வர ராவ் பூங்காவில், அதுவும் வீட்டுக்காரரை வீல்சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு. புரிந்துவிட்டது. மணிக்கட்டு வாட்சுக்குக் கால் தெரியாது, கைதான் தெரியும். இரண்டு கையும் வீல்சேர் பிடியில் இருந்தால் கை வீச்சு இல்லை, உடம்பின் ஆட்டம் மட்டும் லேசாக வந்து சேரும். அதை வைத்து அது எப்போதாவது ஓர் அடியைக் கண்டுபிடிக்கும். போன் எங்கே என்றேன். கைப்பையில், பை வீல்சேர் பிடியில். அதுவும் உருண்டுகொண்டுதான் போயிருக்கிறது.

மறுநாளிலிருந்து போனை இடுப்பில் கட்டும் சின்னப் பௌச்சில் வைத்துக்கொண்டு நடக்கச் சொன்னேன். இடுப்பு ஒவ்வோர் அடிக்கும் ஏறி இறங்கும், அதைப் போன் நன்றாகப் பிடித்துவிடும். ஒரு வாரம் கழித்து போன் செய்தார். நாலாயிரத்துச் சொச்சம் காட்டுகிறதாம். வாட்ச் அந்த ஒரு வாரமும் பழைய எண்ணைத்தான் காட்டியிருக்கும். மகனைப் போன் கணக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

எண் குறைந்தால் முதலில் உங்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். சூப்பர் மார்க்கெட் டிராலி, குழந்தையின் தள்ளுவண்டி, டிரெட்மில்லின் கைப்பிடி, மழையில் குடை, இரண்டு கையிலும் காய்கறிப் பை, பேன்ட் பாக்கெட்டில் விட்ட கை: எல்லாமே எண்ணிக்கையைத் தின்னும். போன் என்றால் தோளில் தொங்கும் பெரிய பையில் போடுவதைவிட பாக்கெட்டோ இடுப்போ நல்லது.

அடுத்தது வீட்டுக்குள் நடை. சமையலறையிலிருந்து ஹாலுக்கு ஆறு அடி, அங்கிருந்து பால்கனிக்கு ஐந்து அடி என்று நின்று நின்று நடந்தால் பல வாட்சுகள் அதைக் கணக்கிலேயே எடுக்காது. தொடர்ந்து சில அடிகள் ஒரே தாளத்தில் வந்தால்தான் "இது நடை" என்று முடிவு செய்யும், அப்புறம்தான் விட்டதையும் சேர்த்து எண்ணும். சும்மா கையை ஆட்டுவதை அடியாக எண்ணிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு அது. நாள் முழுக்க வீட்டு வேலை செய்பவர்களின் உழைப்பை இந்த எண் குறைத்துத்தான் காட்டும். அதைப் பார்த்து யாரும் உங்களைச் சோம்பேறி என்று சொல்ல விடாதீர்கள்.

காலைத் தேய்த்து, சின்ன அடியாக, மெதுவாக நடக்கும் பெரியவர்களுக்கும் குறையும். இவர்களுக்கு அடிக் கணக்கை விட்டுவிட்டு, வாட்சில் நடைப் பயிற்சியை ஆன் செய்து நிமிஷக் கணக்கைப் பார்க்கச் சொல்கிறேன். நன்றாக நடந்துகொண்டிருந்தவரின் அடி சில வாரங்களில் திடீரென்று சின்னதாகிவிட்டால், அல்லது நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் நின்றுவிட்டால், டாக்டரிடம் காட்டுங்கள். அது கடையில் பார்க்கிற கோளாறு இல்லை.

இவை எதுவும் இல்லையென்றால் செட்டிங். எந்தக் கையில் கட்டியிருக்கிறீர்கள், அது நீங்கள் அதிகம் பயன்படுத்தும் பழக்கக் கையா என்று வாட்ச் கேட்டிருக்கும். வலது கையில் கட்டிவிட்டு இடது என்று விட்டிருந்தால் மாற்றுங்கள்.

## உட்கார்ந்திருந்தாலும் ஏறுகிறது

### கை வேலை

மயிலாப்பூரில் மிருதங்கம் கற்கும் கல்லூரிப் பையன் ஒருவன் ஒரு மார்கழியில் வந்தான். காலையில் இரண்டு மணி நேரம் சாதகம் செய்துவிட்டு எழுந்தால் வாட்ச் ஒன்பதாயிரம் அடி காட்டுகிறது. மிருதங்கத்தில் விழும் ஒவ்வோர் அடிக்கும் மணிக்கட்டு ஒரே சீராக அதிர்கிறது, நடையும் சீரான அதிர்வுதான். சாதாரணமாக நடக்கும்போது விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி வைக்கிறோம். அந்த வேகத்துக்குப் பக்கத்தில் கை எதைச் செய்தாலும் வாட்சுக்குக் குழப்பம்தான். கச்சேரியில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடும் ரசிகருக்கும், பஜனையில் கை தட்டுபவருக்கும், தேங்காய் துருவுபவருக்கும், கையால் மாவு கலக்குபவருக்கும் இதே கதைதான்.

வழி சுலபம். அந்த நேரத்துக்கு வாட்சைக் கழற்றி வையுங்கள், இல்லையென்றால் கொஞ்சம் வேலை செய்யும் மற்றக் கைக்கு மாற்றுங்கள். அந்தப் பையன் வாசிக்கும்போது கழற்றி வைக்கிறான். மிருதங்கம் வாசிப்பவருக்கு மணிக்கட்டில் கனம் இல்லாமல் இருப்பதும் நல்லதுதானே.

### வண்டிப் பயணம்

வேளச்சேரியிலிருந்து கிண்டிக்குப் போய்வந்ததில் ஆயிரம் அடி ஏறியிருக்கிறது என்றால், அது வேகத்தடைகளும் பள்ளங்களும் கொடுத்த ஆயிரம். பேன்ட் பாக்கெட்டில் இருக்கும் போன்தான் இதில் அதிகம் ஏமாறும். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய சாலையில் போகிறவர்களுக்கு இன்னும் அதிகம். போனை பையில், அசையாத மாதிரி வைத்துப் பாருங்கள். ஆப்புக்கு லொகேஷன் அனுமதியும் கொடுங்கள். வேகம் தெரிந்தால் பல ஆப்புகள் "இது வண்டி" என்று புரிந்துகொண்டு அடியைச் சேர்க்காது.

ஹேண்டில்பாரில் ஹோல்டர் போட்டு மாட்டலாமே என்று கேட்பார்கள். பைக் இன்ஜினின் பலமான அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கத் தடுப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் 2021இலேயே சொல்லியிருக்கிறது. அடிக் கணக்குக்காக அப்படிச் செய்ய வேண்டாம்.

மேசையில் அசையாமல் வைத்திருக்கும்போதும் எண் ஏறினால் மட்டும் அது சென்சார் கோளாறு. கடைக்குக் கொண்டுபோங்கள்.

## ஸ்கூட்டரில் போனதை சைக்கிள் என்கிறது

காசு கொடுத்துச் சரிசெய்ய இதில் ஒன்றும் இல்லை. போன் அதிர்வையும் வேகத்தையும் சேர்த்து வைத்து ஊகிக்கிறது. மாலை ஆறு மணிக்கு அண்ணா சாலையில் ஸ்கூட்டர் போகும் வேகம் சைக்கிள் வேகம்தான். தானாகக் கண்டுபிடிக்கும் வசதியில் சைக்கிளை மட்டும் ஆஃப் செய்யுங்கள், அல்லது ஆப்பில் அந்தப் பதிவைத் திறந்து அழித்துவிடுங்கள். மெய்யாகவே சைக்கிள் ஓட்டுகிற நாளில் நீங்களே பட்டனை அழுத்தித் தொடங்கலாம்.

## அடி சரி, தூரம் தப்பு

தெரிந்த தூரத்தில் அளந்து பாருங்கள். 400 மீட்டர் ஓட்டப்பாதையின் உள்பக்கத் தடத்தில் இரண்டு சுற்று நடந்தால் 800. ஐம்பது மீட்டர் முன்னே பின்னே இருந்தால் விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால், ஆப்பில் உங்கள் உயரம் சரியாக இருக்கிறதா பாருங்கள். ஜிபிஎஸ் இல்லாதபோது உயரத்திலிருந்துதான் அடி நீளத்தைக் கணக்கிடுகிறது. கடையில் விற்கும்போது போட்ட 170 செ.மீ. அப்படியே இருக்கும் வாட்சுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து ஜிபிஎஸ். நடக்கத் தொடங்குமுன் திறந்த வானத்தின் கீழ் ஒரு நிமிஷம் நின்று சிக்னல் பிடிக்க விடுங்கள். உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும், கோயம்பேடு, வடபழனி பக்கம் மெட்ரோ பாலத்துக்குக் கீழேயும் வரைபடக் கோடு கோணல்மாணலாகப் போவது இயல்பு. மெரினா நடைபாதையிலோ எலியட்ஸ் கடற்கரையிலோ நடந்தால் கோடு நேராக வருகிறதா? அப்படியென்றால் பழுதில்லை. ஆப்பிள் வாட்சாக இருந்தால், அங்கேயே வெளிநடைப் பயிற்சியை ஆன் செய்து இருபது நிமிஷம் வழக்கமான வேகத்தில் நடங்கள். உங்கள் அடி நீளத்தை அது கற்றுக்கொள்ளும். கடற்கரையிலும் கோடு தாவினால் ஆண்டெனா பக்கம் பழுது இருக்கலாம், கடைக்கு வாருங்கள்.

## மாடி ஏறினேன், கணக்கில் வரவில்லை

உங்கள் போனிலோ வாட்சிலோ காற்றழுத்த சென்சாரே இல்லாமல் இருக்கலாம். நடுத்தர விலைப் போன்கள் பலவற்றில் கிடையாது. இருந்தால், சுமார் 3 மீட்டர் ஏறினால் ஒரு மாடி என்று வரும், அதுவும் நடையோடு சேர்ந்து ஏறினால்தான். லிஃப்டில் போவதும், எஸ்கலேட்டரில் அசையாமல் நின்று போவதும் சேராது. வாட்சின் பக்கவாட்டில் உள்ள சின்னத் துளையில் வியர்வை உப்பும் சோப்பும் அடைத்தாலும் தப்பாகும். தண்ணீர் தாங்கும் வாட்ச் என்றால் நல்ல தண்ணீரில் அலசிக் காய விடுங்கள். ஊசியால் குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால் தண்ணீர் புகுந்துவிடும்.

## இதயத் துடிப்பு தாறுமாறு

ஸ்ட்ராப் லூஸ். பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அளவு மேலே, நடக்கும்போது நழுவாத இறுக்கத்தில் கட்டுங்கள். வாட்சின் முதுகிலிருக்கும் பச்சை வெளிச்சம் தோலுக்குள் போய்த் திரும்பித்தான் துடிப்பைப் படிக்கிறது. லூசாக இருந்தால் வெளி வெளிச்சமும் அசைவும் கலந்துவிடும். நம் ஊர் வியர்வையில் முதுகுக் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படியும். தினமும் ஈரத்துணியால் துடையுங்கள். அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தால் மற்றக் கைக்கு மாற்றுங்கள், மை வெளிச்சத்தைத் தடுக்கும்.

நடக்கும்போது துடிப்பும் நிமிஷ அடிக் கணக்கும் ஒரே எண்ணாக, இரண்டும் 115 என்கிற மாதிரி வந்தால், வாட்ச் துடிப்பை விட்டுவிட்டு உங்கள் அடியை எண்ணுகிறதோ என்று சந்தேகப்படுங்கள். நின்று, கழுத்தில் இரண்டு விரல் வைத்து முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அந்த எண்தான் கணக்கு.

விரலில் எண்ணியதும் அதிகமாகவோ, விட்டு விட்டோ வந்தால் வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் சேர்ந்திருந்தால் உடனே 108.

## நடுநாளில் எண் எகிறுகிறது, அல்லது பூஜ்யமாகிறது

இரண்டு மடங்காகத் தெரிந்தால், போனும் வாட்சும் தனித்தனியாக எழுதிய கணக்கை மூன்றாவது ஆப் ஒன்று கூட்டிவிட்டது என்று அர்த்தம். அந்த ஆப்பில் ஒரே மூலத்தை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். பூஜ்யமானால், போன் ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். ஆண்ட்ராய்டின் அடி எண்ணும் சென்சார் கடைசியாக ஆன் செய்த நேரத்திலிருந்துதான் எண்ணும். நல்ல ஆப் பழைய எண்ணைச் சேமித்துக் கூட்டும், மோசமானது தொலைத்துவிடும். ஆப்பை மாற்றுங்கள்.

## விழாமலே "விழுந்துவிட்டீர்களா" என்கிறது

மேசையைத் தட்டினாலும், பலமாகக் கை தட்டினாலும், சோஃபாவில் பொத்தென்று உட்கார்ந்தாலும் சில வாட்ச் கேட்கும். "நான் நலம்" என்பதை அழுத்தினால் போதும். தொல்லை என்று இதை ஆஃப் செய்துவிடாதீர்கள், முக்கியமாகத் தனியாக இருக்கும் பெற்றோரின் வாட்சில். அந்தக் கேள்வி வந்தால் எதை அழுத்த வேண்டும் என்று அப்பா அம்மாவுக்கு ஒருமுறை கையைப் பிடித்துக் காட்டுங்கள். அவசரத் தொடர்பில் பக்கத்து வீட்டு எண்ணும் இருக்கட்டும். துபாயில் இருக்கும் மகனால் ஐந்து நிமிஷத்தில் வந்து தூக்கிவிட முடியாது. எல்லா விழுதலையும் வாட்ச் பிடித்துவிடும் என்றும் நம்பாதீர்கள். சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்தால் அதற்குத் தெரியாமலே போகலாம்.

## சென்சாரே போய்விட்டதா? மேசைச் சோதனை

ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப்பை போனில் போட்டு, ஈர்ப்பு விசையோடு முடுக்கம் காட்டும் பகுதியைத் திறந்து ஓட விடுங்கள். எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று எண் வரும். போனை மேசையில் மல்லாக்க வையுங்கள்: இசட் 9.8க்குப் பக்கத்தில், மற்ற இரண்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில். நெட்டுக்குத்தாக நிறுத்தினால் ஒய் 9.8க்கு வர வேண்டும், பக்கவாட்டில் நிறுத்தினால் எக்ஸ். எண் உறைந்து நின்றாலோ, மல்லாந்து கிடக்கும் போன் 7 என்றோ 12 என்றோ காட்டினாலோ சென்சாரில் கோளாறு. சாம்சங் போனில் ஆப் இல்லாமலே, டயல் பேடில் *#0*# அடித்தால் சென்சார் சோதனைப் பக்கம் திறக்கும். கீழே விழுந்த பிறகு தொடங்கியதா, தண்ணீர் பட்ட பிறகா என்பதையும் நினைவில் வைத்துச் சொல்லுங்கள், எங்களுக்கு வேலை பாதியாகும்.

வாரன்டி இருந்தால் வெளிக்கடையில் திறக்க விடாமல் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்கள். வாரன்டி முடிந்த போனில் அசைவு சென்சார் போர்டிலேயே ஒட்டிய சின்ன சிப், மைக்ரோஸ்கோப்பில் வைத்து மாற்றும் கைகாரர்கள் இங்கே இருக்கிறார்கள். மலிவு விலை வாட்சில் அதைச் செய்வதை நான் சிபாரிசு செய்வதில்லை. கூலி வாட்ச் விலையில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்கிவிடலாம்.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. வாட்சின் முதுகு மூடியோ திரையோ ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, விளிம்பில் நகம் நுழைகிற இடைவெளி தெரிந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. துடிப்பு தப்பாக வருகிறது என்று கொண்டுவந்த சில வாட்சுகளில் இதைத்தான் பார்த்தேன். முதுகு தூக்கியதால் சென்சார் தோலில் உட்காரவில்லை. அழுத்தி மூடாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், கையில் கட்டாதீர்கள். ஆஃப் செய்து, துணி, காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, அன்றைக்கே கடைக்கோ சர்வீஸ் சென்டருக்கோ கொண்டுபோங்கள். சார்ஜரையும் கூடவே எடுத்துப் போங்கள், அதையும் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.